மூன்று விரற்கடைப் பாட்டு

நெற்றி நிறைய விபூதியோடு தறியில் உட்கார்ந்து வீரபாகு கிறிஸ்தவப் பாட்டுப் பாடுகிறார். ஒரு தாளத்துக்கு ஒரு மிதி, ஒரு மிதிக்கு ஓர் ஊடை இழை. நான்கு சரணமும் முடிந்தால் பட்டுப் புடவையில் ஒரு புட்டாப் பூவுக்கும் அடுத்த பூவுக்கும் நடுவே சரியாக மூன்று விரற்கடை இடைவெளி விழுந்திருக்கும். ஆரணியில் மற்றவர்கள் இதற்கு இஞ்ச் டேப் வைத்திருக்கிறார்கள்.

வீட்டுப் பின்சுவருக்கு அப்பால் இருக்கும் சர்ச்சிலிருந்து ஞாயிறுதோறும் காதில் விழுந்த பாட்டு. நூற்றைம்பது வருஷப் பழசு. பொருளைப் பற்றி அவர் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. எழுதியவரைப் பற்றி மட்டும் திட்டமான அபிப்பிராயம் உண்டு: "நம்மாளுதாங்க. தறியில உக்காந்தவனுக்குத்தான் இந்தக் கணக்கு வரும்." முருகன் பாட்டு ஆகாதா என்று கேட்டால், அதில் மனசு உருகிவிடுமாம், கணக்கு தப்பிவிடுமாம்.

மகள் சத்யப்ரியாவின் முகூர்த்தப் புடவையில்தான் வந்தது வினை. மனைவி தெய்வநாயகி விரல் வைத்துப் பார்த்து, "இன்னாங்க, கடைசி நாலு வரிசை நெருங்கிகினு வருது?" என்றாள். வீரபாகு பாடிப் பார்த்தார். வாய் இரண்டாம் சரணத்திலிருந்து நேராக நான்காவதுக்குத் தாவியது. பிரியாணிக்கு நேரமாகிறதென்று சபையார் முணுமுணுத்ததால், சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் எப்சிபா டீச்சர் ஒரு மாதமாக மூன்றாவதை விட்டுவிட்டிருந்தார். கேட்டுக் கேட்டு இவர் வாயும் அப்படியே பழகிவிட்டது.

கல்யாணத்துக்குப் பத்து நாள். ஒரு சாண் நெசவைப் பிரிக்கும்போது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. சனிக்கிழமை டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"நீங்க ஒண்ணை வுட்டுட்டுப் பாடிகினு போறீங்க. என் பொண்ணு பொடவை கெட்டுப்போச்சுங்க."

டீச்சருக்குச் சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரமாயிற்று. நாளைக்கு முழுசாகப் பாடுவதாக ஒப்புக்கொண்டார். பாட்டை எழுதியவர் நெசவாளி இல்லை, பள்ளிக்கூட வாத்தியார் என்பதையும் சொன்னார். முதலில் மூன்று சரணம்தான் எழுதினாராம். கல்யாணம் நிச்சயமாகியிருந்த மகள் காய்ச்சலில் போன பிறகு, இந்த மூன்றாவதை நடுவில் சேர்த்தாராம். டீச்சர் கொடுத்த காபியைக் குடிக்காமலே வீரபாகு எழுந்து வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சுவருக்கு அப்பால் பாட்டு எழுந்ததும் தறியும் கிளம்பியது. இரண்டு சரணம் ஒழுங்காக ஓடியது. மூன்றாவது தொடங்கியபோது அவர் கால் மிதியில் இறங்கவில்லை. பலகைமேல் கையை வைத்தபடி நான்கு வரியையும் பாடினார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது.

"நிறுத்திட்டீங்களே, கணக்கு?" என்றாள் தெய்வநாயகி.

அவர் கால் மிதிக்குத் திரும்பியது. நான்காவதை நெய்து முடித்தார். சபையார் ஆமென் சொல்லிவிட்டுப் பிரியாணிக்குக் கிளம்பினார்கள். வீரபாகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்றாம் சரணத்தை மறுபடி முதலிலிருந்து எடுத்து, இந்த முறை மிதித்தார்.