பசையில் முக்காத வரிசை

விமானக் கொட்டகையில் அவளைப் பசைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அலுமினியத் தகட்டில் எஃகுத் திருகைச் சும்மா முடுக்கினால், இடையில் ஈரம் புகுந்து அலுமினியத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் ஒவ்வொரு திருகையும் பசையில் முக்கித்தான் போட வேண்டும். அந்தப் பசையைக் குழைத்துக் கொடுப்பது அவள் வேலை. வாய் பேசாது, கண் மட்டும் எல்லாவற்றையும் மேயும்.

அன்று இறக்கையின் அடிப்பக்கத்தைப் பெயின்டுக்காகத் துடைத்துக்கொண்டு வந்தவள், ஒரு வரிசையில் நின்றுவிட்டாள். முக்கிப் போட்ட திருகு என்றால், பசை பிதுங்கித் தலையைச் சுற்றி மோதிரம் போல நிற்கும். இங்கே விரலால் தடவிய தடம்தான் இருந்தது.

அது அவள் அண்ணன் போட்ட வரிசை.

“அண்ணா, பசை இல்லாம மொட்டையாவா போட்ட?”

“மெதுவாப் பேசுடி! கிண்ணத்துல பசை இறுகிப்போச்சு. மறுபடி குழைக்கச் சொன்னா, நேரம் கடத்துறேன்னு அந்த வழுக்கை குதிப்பான். அதான் மேல தடவிட்டேன்ல.”

“மேல தடவினா உள்ள இறங்கிடுமா?”

“வந்துட்டா பெரிய விஞ்ஞானி! ஏற்கெனவே ஒரு தடவை எச்சரிச்சிருக்கான். இன்னொண்ணு மாட்டினா என் வேலை போயிடும். உங்க அண்ணியும் பிள்ளைங்களும் என்ன பண்ணுவாங்க?”

இந்த வேலையில் அவளைச் சேர்த்துவிட்டவனே அவன்தான்.

அதற்குள் அந்த வழுக்கைத்தலை மேற்பார்வையாளரே வந்துவிட்டார். “என்னம்மா, பெயின்ட் அடிக்கச் சொல்லலாமா?”

அண்ணன் முறைத்தான். பெயின்ட் ஏறிவிட்டால் வருஷக்கணக்கில் யாரும் இதைத் திறக்கப்போவதில்லை.

“இன்னும் இல்ல சார்.”

“ஏன்?”

அவனே சொல்லட்டும் என்று அண்ணனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். திருப்புளியை எடுத்து ஒரு திருகைக் கழற்றினாள். கடையில் வாங்கியது போலப் பளபளவென்று வந்தது. உள்ளங்கையில் வைத்து அவரிடம் நீட்டினாள்.

“யார் போட்டது?”

அவள் அடுத்த திருகைக் கழற்றத் தொடங்கினாள்.

“நான்தான் சார்,” என்றான் அண்ணன், கடைசியில்.

“வரிசை மொத்தமும் கழட்டு. முடிச்சிட்டு என் அறைக்கு வா.”

அவர் போனதும் அவள் புதிதாகப் பசை குழைத்தாள். கிண்ணத்தை அவன் பக்கத்தில் வைத்தாள்.

“இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காத,” என்றான், முகத்தைப் பார்க்காமல்.

அவள் நகரவில்லை. அவன் கழற்றக் கழற்ற, ஒவ்வொரு துளையாகத் துடைத்துக்கொண்டே வந்தாள்.