தண்டவாளத்துக்கு அப்புறம் நாற்பது சென்ட்

காலை ஆறே முக்கால் பாசஞ்சர் போன சத்தம் அடங்கியதும் மயில்சாமி இரும்புக் கதவைத் திறந்து, பசுவைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டுவார். அந்தப் பக்கம் அவருக்கு இருந்தது நாற்பது சென்ட். சீமைக்கருவேலத்தைத் தவிர அதில் ஒன்றும் கிடையாது. மாடு நாலு வாய் புல்லைக் கடிக்கும்வரை நிற்பார், பிறகு திரும்பிவிடுவார். பசுவுக்குக் கறவை வற்றி நாலு வருடம் ஆகிவிட்டது. அந்த வீட்டில் அதற்கு இது ஒன்றுதான் வேலை.

மதுக்கரைக்கு மேற்கே உள்ள எங்கள் ஊரில் 'கேட்டுக்காரர்' என்றால்தான் அவரைத் தெரியும். வயது அறுபத்திரண்டு. காய்ச்சலோடும் போயிருக்கிறார். மகள் கல்யாணத்தன்று முகூர்த்தம் முடிந்த கையோடு, பட்டு வேட்டியில் மாட்டை ஓட்டிக்கொண்டு போனதைச் சம்பந்தி வீட்டார் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். "ஒரு நா போவலீன்னாலும் பாத்தியம் போயிருமுங்க" என்பார். அதைக் கேட்டு நானும் சிரித்தவன்தான்.

வெள்ளைக்காரர் காலத்தில் இங்கே ரயில் பாதை போட்டபோது, அவருடைய பாட்டனுக்குப் பாட்டனின் சோளக்காட்டுக்கு நட்டநடுவே அது போனது. எடுத்த நிலத்துக்குச் சர்க்கார் பணம் கொடுத்தது. காடு இரண்டு துண்டாகிப் போனதற்குப் பணம் தரவில்லை. நஷ்டஈடாக ஒரு வழி கொடுத்தது. அப்புறத்து நிலத்தின் சொந்தக்காரரும் அவருடைய வேலையாட்களும் மாடுகளும், வழி புழக்கத்தில் இருக்கும்வரை, தண்டவாளத்தைத் தாண்டிப் போகலாம். அந்த உத்தரவின் நகல் பிளாஸ்டிக் உறையில் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த வரியில் மாடு வருகிறது என்று சரியாகக் காட்டுவார்.

காடு பங்கு பிரிந்தும் விற்றும் கரைந்துவிட்டது. அந்த வழியை உண்மையில் நம்பியிருப்பது அப்புறம் உள்ள காலனியின் முப்பத்தொரு வீடுகள். முன்பு மயில்சாமி குடும்பத்தின் காட்டில் கூலிக்குப் பாடுபட்டவர்களின் பிள்ளைகள் அவர்கள். இன்று அங்கே லேத் ஆபரேட்டர் உண்டு, வாத்தியார் உண்டு, கோயமுத்தூரில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் புவனா உண்டு. இந்தக் கதவை மூடிவிட்டால் பஸ்ஸுக்கு மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டும்.

போன தை மாதம் அந்தக் கதவை மூடப்போவதாக ரயில்வேயிலிருந்து நோட்டீஸ் வந்தது. இன்னொரு தண்டவாளம் வருகிறதாம். வழிக்கு உரிமை உள்ளவர்கள் யார் யார் என்று பட்டியல் கேட்டிருந்தார்கள். மற்றவர்கள் தாண்டுவது கணக்கில் வராது. உரிமை ஒருவருக்குத்தான் என்றால் அவருக்கு ரொக்கம் கொடுத்து மூடிவிடலாம், நிறையப் பேர் என்றால் சுரங்கப்பாதை பற்றி யோசிக்கலாம் என்று வந்த அதிகாரி பக்குவமாகவே சொன்னார். மயில்சாமி இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். சொந்தக்காரர் ஒருவர். வேலையாட்கள் என்ற தலைப்பின் கீழ், காலனியில் வீட்டுக்கு ஒருவராக முப்பத்தொரு பேர். நல்லது செய்கிற பெருமையோடு அதைக் கொண்டுபோய்ப் புவனாவிடம் கையெழுத்துக்கு நீட்டியபோது நானும் கூட இருந்தேன்.

அவள் தலைப்பிலிருந்து கடைசிப் பெயர்வரை படித்தாள்.

"எங்கப்பன் உங்க காட்ல வேலை செஞ்சாருங்க. நான் செய்யலீங்களே."

"பேருக்குத்தான் கண்ணு. எழுதிப்போட்டா வழி நிக்கும்."

"வேண்டாமுங்க. நாங்க சுத்தியே போய்க்கறோம்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். மயில்சாமிக்கு முகம் சுண்டிப்போனது. அதற்கு முந்தின நாள் அந்தத் தாளை அவர் என்னிடம் காட்டியபோது எனக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு வாரம் அந்தப் பட்டியலை அவர் வெளியே எடுக்கவில்லை. மாட்டோடு போய் வருவது மட்டும் நிற்கவில்லை. எட்டாம் நாள் காலனிக்குப் போனார். நாற்பது சென்டையும் முப்பத்தொரு வீட்டுக்கும் பொதுவாக எழுதி வைத்துவிடுவதாகவும், சொந்தக்காரர்கள் என்றே எல்லோரும் கையெழுத்துப் போடலாம் என்றும் சொன்னார். தானமாக வேண்டாம், கிரயமாக எழுதினால் சம்மதம் என்றார்கள் அவர்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று போட்டுக் கொடுத்தார்கள், மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். கதவை மூடச் சம்மதித்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ரொக்கம் இதைப் போலப் பல மடங்கு. அவர் வீட்டில் அதற்காகப் பெரிய சண்டை நடந்தது என்று கேள்வி.

புதிய பட்டியல் அதிகாரியிடம் இருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் பத்திரம் பதிவான மறுநாள் காலை நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

பாசஞ்சர் போய் வெகு நேரமாகியும் மயில்சாமி மாட்டோடு கதவுக்கு இந்தப் பக்கமே நின்றிருந்தார். திறக்கவில்லை. அந்தப் பக்கமிருந்து புவனா ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு டியூட்டிக்கு வந்தாள்.

"அம்மணி, நான் அந்தப் பக்கம் போய்ட்டு வரலாமுங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, மாட்டையும் இழுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி, அவள் பதிலுக்காக நின்றார்.