இரட்டைத் தாழ்ப்பாள், இரண்டாம் பாகம்

கிடங்கில் ஏலக்காயைத் தரம் பிரிக்கும் பெண்களுக்குக் கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். அன்று பேச்சு 'இரட்டைத் தாழ்ப்பாள்' தொடரைப் பற்றி.

"மொத பாகத்துல வேணி அழுதா எனக்கும் தொண்ட அடைக்கும்," என்றாள் கலையரசி. "இப்ப வேணியா வர்றவ அழுதா, கண்ணு மை கலையுதான்னு பாக்கத் தோணுது."

"வேணிக்கு மறதி வந்துச்சு பாரு, அன்னைக்கே எல்லாம் போச்சு," என்றாள் முத்துப்பேச்சி. "மாமியாக்காரியும் திருந்திட்டா. அவளே திருந்திட்டா பெறகு எதுக்குடி நாடகம்?"

"அப்ப எதுக்குத் தெனமும் பாக்குற?"

"வேற என்ன சோலி இருக்கு எனக்கு."

கலையரசி இன்னும் கொஞ்சம் காயை அள்ளித் தன் முன்னால் கொட்டிக்கொண்டாள்.

முத்துப்பேச்சியின் கணவர் பால்பாண்டி ஜீப் ஓட்டியவர். காலையில் போடியிலிருந்து தோட்ட வேலைக்கு ஆட்களை மலைக்கு ஏற்றிப் போவார், மாலையில் கொண்டுவந்து இறக்குவார். போன ஐப்பசியில், போடிமெட்டு இறக்கத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டே வண்டியை ஓரங்கட்டினார். கை பிரேக்கைப் போட்டிருந்தார். பின்னால் இருந்தவர்களுக்கு ஒரு கீறல் இல்லை. அவர் மட்டும் இறங்கவில்லை. தொடரின் முதல் பாகம் அதற்கு முன்பே முடிந்திருந்தது. இரண்டாம் பாகம் கார்த்திகையில் தொடங்கியது.

மகள் சூர்யகலா ஓசூரில் மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலையில் இருக்கிறாள். பொங்கலுக்கு வந்தவளிடம் முத்துப்பேச்சி சொன்ன ஒரே குறை, நாடகம் முன்ன மாதிரி இல்லை என்பதுதான். மகள் அதைச் சரிசெய்யக்கூடிய குறையாக எடுத்துக்கொண்டாள். டிவியில் நெட்டை இணைத்தாள். முதல் பாகம் மொத்தமும் வரிசையாக வந்து நின்றது.

"எதுல இருந்தும்மா?"

"வேணி கல்யாணம் நின்னு போகும்ல, அதுல இருந்து போடு."

முத்துப்பேச்சி காலை நீட்டி உட்கார்ந்தாள். பழைய வேணி வந்தாள், மணக்கோலத்தில், உண்மையான கண்ணீரோடு. மாமியார் திரும்பி, "இந்த வீட்டுல என்னை எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல் இருக்கு?" என்று கேட்டாள். மேளம் அதிர்ந்தது. அவள் முகத்தை மூன்று முறை கிட்டத்தில் காட்டினார்கள்.

முத்துப்பேச்சி காத்திருந்தாள்.

பால்பாண்டி நாடகம் பார்க்க மாட்டார். டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார். ஆனால் ஒரு வசனத்தையும் பதில் இல்லாமல் விடமாட்டார். "ஏந்தாயி, தொண்ட கட்டிக்கிடப் போகுது, ஒரு ஏலக்காய வாயில போட்டுக்க," என்பார் மாமியாரிடம். வேணி மயங்கி விழுந்தால், "பேச்சி, அந்தப் புள்ளைக்கு ரெண்டு இட்லி கொண்டா. காலைல இருந்து பட்டினி போல," என்பார். இவள் கரண்டியை ஓங்குவாள். "வாய மூடிட்டுத் தின்னுங்க. அவ என்ன சொன்னான்னே கேக்கல."

இப்போது எல்லாம் கேட்டது. மாமியார் சொன்னது, அவளுக்கு வேணி சொன்னது, ஒரு சொல் பாக்கியில்லை. ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னும் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள்.

"சத்தத்தக் கூட்டவாம்மா?"

"நல்லாத்தான் கேக்குது."

வேணி மயங்கி விழுந்தாள். முத்துப்பேச்சியின் கண் திரையில் இல்லை, அவர் தட்டு வைக்கும் இடத்தில் இருந்தது. சூர்யகலா அதைப் பார்த்தாள். தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்தாள், டிவிக்கு முதுகைக் காட்டி.

"விழுறதுக்கு முன்னாடியே தலைகாணி போட்டு வச்சிருக்காங்க," என்றாள்.

"ஒனக்கு அது வராதுடி." முத்துப்பேச்சி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நீ டிவி பக்கம் திரும்பி உக்காந்தே பாரு. இத மாத்து. புதுசு ஆரம்பிச்சிருப்பான்."

"அது நல்லாவே இல்லன்னு சொன்ன?"

"நல்லாத்தான் இல்ல. ஆனா அதுல எங்கயும் அவரு பேசுனதில்ல."

சூர்யகலா மாற்றினாள். புது வேணி தன் புருஷனைப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வசனம் மோசம். முத்துப்பேச்சி ஒன்றுவிடாமல் கேட்டாள்.