அன்று மாலையே வீட்டுக்கு

என் கணவருக்குப் பெருங்குடலில் கட்டி. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு இரு முனைகளையும் சேர்த்துத் தைக்க வேண்டும் என்றார்கள். சிறு துளைகள் வழியாகத்தான் செய்வோம், எல்லாம் சரியாக இருந்தால் அன்று மாலையே வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. எனக்குப் பயம். அன்றைக்கே எப்படி அனுப்புவீர்கள் என்று கேட்டேன்.

டாக்டர் என் பயத்தை ஒதுக்கவில்லை. எல்லாரையும் இப்படி அனுப்ப மாட்டோம், இவருக்குச் சர்க்கரை இல்லை, இதயம் நன்றாக இருக்கிறது, உங்கள் வீடு இருக்கும் பீர்க்கன்கரணையிலிருந்து இருபது நிமிடத்தில் இங்கே வந்துவிடலாம், கூடவே நீங்களும் இருக்கிறீர்கள் என்று விளக்கினார். நர்ஸ் தினம் இரண்டு வேளை போன் செய்வார். எதையும் மறைக்கக் கூடாது என்றார் டாக்டர். நான் பள்ளிக்கு ஒரு வாரம் லீவு போட்டேன்.

காலையில் ஆபரேஷன். நான்கு மணிக்கு வராந்தாவில் நடந்தார், இட்லி சாப்பிட்டார். ஆறு மணிக்குக் காரில் வயிற்றோடு தலையணையை அணைத்துக்கொண்டு வீடு வந்தார். இரண்டு நாள் நன்றாகவே போனது.

மூன்றாம் நாள் காலை கஞ்சியைத் தொடவில்லை. வயிறு உப்பியிருந்தது. காய்ச்சல் இல்லை. விரலில் மாட்டும் கருவி நாடித்துடிப்பை நூற்றுப் பதினெட்டு என்றது. மறுபடி வைத்தேன், நூற்று இருபது. வெறும் வாயு என்றார் அவர்.

போன் வந்தது. அவரே எடுத்து, நன்றாக இருக்கிறேன் என்றார். நர்ஸ் என்னிடம் கொடுக்கச் சொன்னார். போனை நீட்டியபடியே அவர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார். முப்பத்தொரு வருஷத்தில் அடுத்தவர் எதிரில் அவர் பேச்சை நான் மறுத்ததில்லை.

"சிஸ்டர், பல்ஸ் நூத்தி இருபது காட்டுது. வயிறு உப்பியிருக்கு. ஒண்ணுமே சாப்பிடல."

"உடனே கெளம்பி வாங்கம்மா. குடிக்க எதுவும் குடுக்காதீங்க. நான் டாக்டர்கிட்ட சொல்லிடறேன்."

வழியெல்லாம் அவர் என்னோடு பேசவில்லை. தைத்த இடத்தில் கசிவு என்று ஸ்கேனில் தெரிந்தது. மதியத்துக்குள் மறுபடி ஆபரேஷன், இந்த முறை வயிற்றைத் திறந்தே செய்தார்கள். அவர் கண் விழித்தபோது மலம் வெளியேற வயிற்றில் ஒரு பை பொருத்தியிருந்தது. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இங்கேயே வைத்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். கசிவு வார்டிலும் வந்திருக்கும், ஒருவேளை சில மணி நேரம் முன்னால் கண்டுபிடித்திருப்போம் என்றார் அவர். அந்தச் சில மணி நேரம் என்னை இன்னும் உறுத்துகிறது. முந்தின சாயங்காலமே என் கணவர் ரசம் சாதத்தைப் பாதியில் வைத்தார். நான் அசதி என்று நினைத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் அவரே பேசினார். "திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனா வீட்டுக்கு வரமாட்டேன்னு தோணுச்சு. அதான் சொல்லல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சில மாதங்கள் கழித்துப் பையை எடுத்துக் குடலைச் சேர்த்தார்கள். அந்த முறை எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான்கு நாள் இருந்துவிட்டு வந்தோம்.