கூப்பிடாமல் நீட்டிய கை

என் 1943-ஆம் வருட நாட்குறிப்பில், ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றுக்கு நேராக இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்: "காலை. பரவை தாண்டி இருவரும் விழுந்தோம். பேசினான்." மழை பெய்த நேரத்தையும் பஸ் தாமதமான நிமிடத்தையும்கூட விடாமல் குறித்து வைக்கிறவன் நான். அன்றைக்கு மட்டும் அதற்கு மேல் கை ஓடவில்லை. விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

அப்போது நான் மதுரையில் ஓர் அச்சகத்தில் புரூப் திருத்திக்கொண்டிருந்தேன். வீடு சமயநல்லூரில். அடுத்த தெருவில் என் சிநேகிதன் ஒருவன் இருந்தான். மதுரையில் ஒரு மில்லில் அவனுக்கு வேலை. எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே சைக்கிள், அதுவும் அவனுடையது. அவன் மிதிப்பான், நான் பின்னால் கேரியரில் உட்கார்ந்து அன்றைய பத்திரிகையைச் சத்தமாக வாசித்துக்கொண்டு வருவேன். யுத்தச் செய்தி கேட்டபடியே மிதித்தால் மேடு தெரியாது என்பான்.

அதற்கு முந்தைய கார்த்திகையில் ஒருநாள், ஆரப்பாளையம் பக்கம் ஒரு போலீஸ்காரர் எங்களை நிறுத்தினார். ஒரு சைக்கிளில் இரண்டு பேர் போவது குற்றம். எனக்கு அது நன்றாகத் தெரியும். சைக்கிள்காரர்களுக்கான விதிகளை அச்சடித்த நோட்டீசுக்கு எங்கள் அச்சகத்தில் புரூப் பார்த்தவனே நான்தான். பயத்தில் என் வாயிலிருந்து வந்தது இது:

"நான் அப்பவே சொன்னேங்க, டபுள்ஸ் போகக் கூடாதுன்னு. இவன்தான் கேக்கல."

நான் சொன்னது பொய்யில்லை. சொல்லியிருந்தேன்தான், சிரித்துக்கொண்டே, கேரியரில் ஏறி உட்கார்ந்த பிறகு. போலீஸ்காரர் என்னைப் பார்த்து, "படிச்ச பையன் மாதிரி இருக்க, நீ போ" என்றார். அவனையும் சைக்கிளையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார். சாயங்காலம் வரை தரையில் உட்கார வைத்திருந்தார்களாம். நான் நேராக அச்சகத்துக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிமிராமலே சொன்னான்:

"என்னத்துக்கு வந்த? ஒனக்கு ரூல்ஸ்தான பெருசு. போ, அதையே கேரியர்ல ஏத்திக்கிட்டுப் போ."

அதன் பிறகு எட்டு மாதம் பேச்சில்லை. நான் ஒரு பழைய சைக்கிளைத் தேடி வாங்கிக்கொண்டேன். அவனுக்கு மில் காலையில் சீக்கிரமே தொடங்கிவிடும். அதற்கு ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் எங்கள் அச்சகம் திறக்கும். இருந்தும் அவன் கிளம்பும் நேரத்துக்கே நானும் கிளம்பினேன். ஏன் இம்புட்டு வெள்ளனப் போறே என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அவனுக்கு என்னைவிட இரண்டு மடங்கு கால்பலம். நினைத்தால் என்னைத் தாண்டி விளாங்குடிக்குப் போயிருப்பான். ஆனால் தினமும் எனக்குப் பின்னால் ஐம்பது கஜம் தள்ளியே வருவான். நான் மெதுவாகப் போனால் அவனும் மெதுவாக வருவான். அவன் செயின் உறையில் ஒரு தகரம் தளர்ந்து 'கிளிக் கிளிக்' என்று அடிக்கும். அந்தச் சத்தம் கேட்கிறதா என்று காதைப் பின்னால் வைத்துக்கொண்டே மிதிப்பேன். திரும்பிப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பரவையைத் தாண்டியதும் எதிரில் ரோடே தெரியாத அளவுக்குப் புகை. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடிய காலம் அது. பஸ்ஸின் பின்பக்கம் அண்டா மாதிரி ஒரு கரியடுப்பு இருக்கும். அதில் வரும் வாயுவில்தான் எஞ்சின் ஓடும். அன்று அப்படி ஒரு பஸ் இடது ஓரத்தில் நின்றுவிட்டிருந்தது. கண்டக்டர் இறங்கி, அடுப்புக்குக் காற்று விடும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றச் சுற்றப் புகை கறுப்பாகக் கிளம்பி ரோட்டின் மேல் கவிந்தது. இன்று வண்டிப் புகையைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். அந்தப் புகையைக் குடித்த நாங்கள் இரண்டு நாள் கறுப்பாகத்தான் துப்புவோம். பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு வைக்கோல் வண்டி வேறு.

நான் வேகத்தைக் குறைத்தேன். நோட்டீஸில் இருந்தபடியே வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, மேலும் கீழுமாக அசைத்தேன். 'வேகம் குறைக்கிறேன்' என்பதற்கு அதுதான் சைகை. வேறு யாருக்காகக் காட்டினேன்? பின்னால் வருகிறவனுக்காகத்தான். புகைக்குள் போய் எதிலும் மோதிவிடக் கூடாதே என்று.

நம் ஊரில் ஒருவரை 'வா' என்று கூப்பிடுவதும் உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து அசைத்துத்தான். அது அந்த நிமிடத்தில் எனக்கு உறைக்கவில்லை.

பின்னால் கிளிக் சத்தம் வேகமெடுத்தது. மணி அடித்தது.

"இந்தா வாரேன் மாப்ள!"

எட்டு மாதம் கழித்துக் கேட்ட குரல். திரும்புவதற்குள் என் வலப்பக்கம், நடுரோட்டில் வந்துவிட்டான். முகமெல்லாம் சிரிப்பு. அதே நேரம் புகைக்குள்ளிருந்து ஒரு லாரியின் மூக்கு வெளியே வந்தது. ஹார்ன் சத்தம் பிறகுதான் கேட்டது. நான் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். இரண்டு சைக்கிளும் பின்னிக்கொண்டு, ஓரத்தில் குவித்திருந்த சரளைக்கல்லில் போய் விழுந்தோம். லாரி நிற்காமல் போய்விட்டது. அவன் சைக்கிளின் ஹேண்டில்பார் நுனியில் அது உரசிய வடு வெள்ளையாக இருந்தது.

வைக்கோல் வண்டிக்காரர் மேலிருந்தபடியே கத்தினார்: "ஏலே, ரெண்டு பேரும் சோடி போட்டுச் சாகவா வந்தீக? காலங்காத்தால என் கண்ணுலதானா படணும்?"

அவனுக்கு முழங்கால் கிழிந்து ரத்தம். எனக்கு உதடு. அவன் காலைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்:

"கூப்பிட்டேல்ல மாப்ள?"

இல்லை, அது கூப்பிடுகிற சைகை இல்லை, வேகம் குறைக்கிற சைகை, நீ நோட்டீஸ் படிக்கவில்லையா என்று சொல்ல வாயெடுத்தேன். என் தொழிலே அதுதானே, தப்பைக் கண்டால் சுழித்துவிடுவது. ஒரு விநாடி அவன் கண்ணைப் பார்த்தேன்.

"ஆமா, கூப்பிட்டேன்" என்றேன்.

"தினம் பாத்துக்கிட்டே வாரேன். முன்னால போயிட்டா நீ கூப்பிடுறது தெரியாதுல்ல. அதான் பின்னாலயே வந்தேன்" என்றான். பிறகு, "ஒரு கையத் தூக்க எட்டு மாசமாடா? அம்புட்டு கனமா அது?" என்று சிரித்தான். எனக்கு அழுகை வந்தது. புகை என்று சொல்லிக்கொண்டேன்.

வளைந்த சக்கரத்தோடு மதுரை வரை தள்ளிக்கொண்டே நடந்தோம். போலீஸ்காரர் முன்னால் நான் சொன்னதற்கு அன்று மன்னிப்புக் கேட்டேன். "அத விடு, யுத்தச் சேதி சொல்லு" என்றான். அதன் பிறகு இரண்டு வருடம், இரண்டு சைக்கிளில், பக்கம் பக்கமாகவே போய்வந்தோம். அருகருகே ஓட்டக் கூடாது என்பதும் ஒரு விதிதான். தெரிந்தேதான் மீறினோம்.

யுத்தம் முடிந்த வருடம் அவன் பம்பாய் மில் ஒன்றுக்கு வேலைக்குப் போனான். இரண்டு கடிதம் வந்தது. நான் போட்ட மூன்றாவது கடிதம், விலாசதாரர் இல்லை என்று திரும்பி வந்தது. நேரில் போயும் விசாரித்தேன். அவன் இருந்ததாகச் சொன்ன கட்டடத்தில் வேறு ஆட்கள் இருந்தார்கள். கூப்பிடவில்லை என்ற உண்மையை அவனிடம் சொல்ல எனக்கு இரண்டு வருடம் இருந்தது. சொல்லவில்லை. இன்றும் ரோட்டில் எவனாவது சைக்கிளில் கையை நீட்டினால், பின்னால் யார் வருகிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

பல வருடம் கழித்து, அவனோடு வேலை பார்த்த ஒருவரைச் சந்தித்தேன். அந்த ஆடிக்கு முன்பே, மில் வாசலில் சைக்கிள்காரர்களை வரிசையாக நிற்க வைத்து, கைச் சைகைகளை ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார்களாம். என் சிநேகிதன் முன்வரிசையில் நின்றான் என்கிறார் அவர். அந்த வாரம் அவன் காய்ச்சலில் லீவு என்கிறார் அதே மில்லில் இருந்த இன்னொருவர். மில்லின் பழைய வருகைப் பதிவேடுகள் கரையான் அரித்துப் போயின. அவன் அங்கே நின்றிருந்தால், நான் கூப்பிடவில்லை என்று தெரிந்தேதான் வந்திருக்கிறான். நின்றானா என்பதை இதை எழுதும் நாள் வரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.