பென்சில் குறி இல்லாத தாள்

தி. நகரில் எங்கள் ஆபீஸ். மழைநீர் வடிகால் கட்டும் அரசு ஒப்பந்த வேலை. டைரக்டர்கள் இரண்டே பேர், சாரும் அவர் மனைவி கோமதி மாமியும். நான் அக்கவுண்டன்ட், இருபத்தாறு வருடம்.

போர்டு மீட்டிங் எங்களிடம் தாளில் மட்டும்தான் நடக்கும். நான் தீர்மானத்தை டைப் செய்து, மாமி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போடுவேன். சார் ஒருமுறை புரட்டிப் பார்த்துக் கொடுப்பார். ஃபைலோடு மயிலாப்பூரில் அவர்கள் வீட்டுக்குப் போவேன். மாமி குக்கர் விசிலுக்கு ஒரு காதைக் கொடுத்தபடி, குறி உள்ள இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபி தருவார். எதையும் படித்ததில்லை. அந்தக் காபிக்காகவே இன்னும் நாலு தீர்மானம் போடலாம்.

ஒரு தேர்தல் சமயம். எங்கள் பில் ஆறு மாதமாகப் பாஸாகவில்லை. உள்ளூர்க் கட்சிக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

"பில்லு அப்டியே கீது சார். எலெக்சனுக்கு ரொக்கமா செஞ்சுரு, தானா நகரும்."

கம்பெனி கட்சிக்கு நன்கொடை தரலாம். ஆனால் போர்டு தீர்மானம் வேண்டும், ரொக்கம் கூடாது, கணக்கில் காட்ட வேண்டும். பில்லை நகர்த்தக் கொடுத்தால் அதற்குப் பெயரே வேறு.

அவர் போனதும் சார் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஸ்டெல்லா, ஜல்லி வாங்கினதா ஒரு பில் போட்டு ரொக்கம் எடுத்துடலாம். ரஹீம் பாய் பேர்ல."

பாய் எங்கள் முதல் வேலையிலிருந்து ஜல்லி தருபவர். சாரிடம் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர். நாளைக்கு ஜிஎஸ்டி-யில் சிக்கினால் மாட்டப்போவது அவர்தான். எனக்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. தலையாட்டினேன்.

பெரிய கொள்முதலுக்கு இரண்டு டைரக்டர்களும் கையெழுத்துப் போடுவது எங்கள் வழக்கம். அந்தத் தாளையும் மற்ற தாள்களோடு கொண்டுபோனேன். மாமி மற்றதிலெல்லாம் கையெழுத்துப் போட்டார். இதில் குறியைக் காணோம். எங்கே போடுவது என்று தேடியவர், படித்துவிட்டார்.

"ஜல்லியா? நம்மாத்து வாசல்லயே வடிகால் வேலை முடிஞ்சு மூடிட்டாளே. இன்னும் எதுக்கும்மா இவ்வளவு ஜல்லி?"

நான் கையெழுத்தான தாள்களைத் திரும்பத் திரும்ப அடுக்கினேன். மாமிக்குப் புரிந்துவிட்டது. சாருக்குப் போன் போட்டார்.

"ஏன்னா, பாய்கிட்ட கேட்டேளா? நம்ம பொண்ணு கல்யாணத்தன்னிக்குக் கொட்டற மழையில தார்ப்பாய் கொண்டுவந்து கட்டினவர் அவர். நான் இதுல கையெழுத்துப் போடமாட்டேன்."

மறுநாள் கட்சிக்காரரிடம் சார், "கட்சி பேர்ல செக் தரேன், ரசீது குடுங்கோ," என்றார்.

"செக்கா? இன்னா சார், வெளையாட்றியா? குடுத்தவங்க பேரு வெளிய வந்துரும்," என்று அவர் எழுந்து போய்விட்டார்.

பில் வர மேலும் ஒரு வருடம் ஆனது. சார் காரை விற்றுவிட்டு பஸ்ஸில் வந்தார். எங்கள் சம்பளம் ஒரு மாதமும் நிற்கவில்லை. வியர்வையோடு அவர் படியேறி வரும்போதெல்லாம் நான் எழுந்து ஃபேனைக் கூட்டி வைப்பேன்.

ஓய்வு பெற்ற அன்று சொல்லிவிட்டேன். "சார், அந்தத் தாள்ல குறி போட நான் மறக்கல. வேணும்னேதான் விட்டேன்."

"தெரியும்மா," என்றார் சார். "நான்தான் புரட்டிப் பாக்கறவனாச்சே. பென்சிலைக் கையில எடுத்துட்டேன். அப்பறம் போடாமலே மூடிக் குடுத்தேன்."

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளே, முடியாது என்று வாய்திறந்து சொல்ல எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை. நீங்கள் சொல்லிப் பாருங்கள். எதிரே இருப்பவரும் அதற்காகவே காத்துக்கொண்டிருக்கலாம்.