கட்டிலோரத்துச் சுவிட்சு

எங்க பக்கத்து வீட்டு ஆனந்தராஜு மாதிரி ஒரு கிறுக்கன உழவர்கரை முழுக்கத் தேடினாலும் பாக்க முடியாது. இத அவன் மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கேன். பக்கத்துல மேட்டுப்பாளையத்துல ஒரு கம்பெனியில எலக்ட்ரீசியன். பொண்டாட்டி தேவிப்பிரியாவுக்கு ரெண்டு கிட்னியும் போயி படுக்கையில விழுந்தப்ப, சொந்தபந்தமெல்லாம் கோயில் கோயிலா நேந்துகிட்டு இருந்துச்சு. இவன் ஹால்ல கடல் கட்ட ஆரம்பிச்சான்.

தேவி மீனவ வீட்டுப் பொண்ணு. "கடலு பாக்கணும் போல இருக்குக்கா"ன்னு என்கிட்டதான் சொன்னா. ஆட்டோவுல ஏத்தி எறக்கினாலே மூச்சு வாங்குற ஒடம்பு, எங்க கூட்டிட்டுப் போறது? அதக் காதுல வாங்கித்தான் அவன் கண்ணாடித் தொட்டி வாங்கினான்.

வெறும் மீன் தொட்டின்னா நான் வாயத் தெறந்திருக்க மாட்டேன். அதுல பவளம் வளக்கணுமாம்! கடல்லேந்து பிடுங்கினா குத்தம்னு, சென்னைக்குப் போயி நெடுமாறன்னு ஒரு கடைக்காரர்கிட்ட, பண்ணையில வளத்த மெத்துமெத்துன்னு இருக்கிற பவளமும், கூட விட கொஞ்சம் கடல் மீனும் வாங்கியாந்தான். கம்பெனியில மாட்டுற வெள்ள லைட்டையே அதுக்கு மேல மாட்டினான். பவளம் சுருங்கிப் போச்சு. "கடல்ல என்ன ஷிஃப்டு வேலையா நடக்குது, டியூப்லைட்டு மாட்ற?"ன்னு தேவி சிரிச்சா பாருங்க, அன்னிக்குத்தான் ரொம்ப நாளைக்கு அப்பறம் அவ பல்லப் பாத்தேன்.

பவளத்துக்கு வெளிச்சம்தான் சோறுன்னாரு நெடுமாறன். நீலமும் வெள்ளையும் தனித்தனியாக் கூட்டிக் கொறைக்கிற லைட்டா இருக்கணுமாம், மொதல்ல கம்மியா வச்சுப் பழக்கணுமாம். அத வாங்கி மாட்டிட்டு இவன் ஸ்டூல் மேல நிக்கிறான், ஹால்ல போட்ட கட்டில்லேந்து அவ சொல்றா. "இன்னும் நீலம். இன்னும். ஆங், போதும். அப்பாகூட போட்ல போறப்ப மத்தியானத் தண்ணி இப்பிடித்தான் இருக்கும்."

அப்பறம் அலை அடிக்க ஒரு மோட்டாரு, அழுக்க நுரையா எடுக்க ஒரு மெஷினு, தண்ணி சூடாவாம இருக்க ஒரு சில்லரு. தேவிக்குத் தூக்கம் கெடக்கூடாதுன்னு ஒவ்வொண்ணையும் காத வச்சுக் கேட்டுத்தான் வாங்கினான். எல்லாம் சேந்து 'உம்'முன்னு ஒரே சத்தம். அதுலதான் அவ தூங்குவா.

லைட்டு தானா எரிஞ்சு அணைய டைமரு போடுங்க, மோட்டாருக்குத் தனி லைன் இழுங்கன்னு நெடுமாறன் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. இவன் கேக்கல. லைட்டுச் சுவிட்ச கட்டிலோரம் வச்சான். காலையில போடறதும் சாயங்காலம் அணைக்கிறதும் அவதான். "அவளுக்குன்னு மிச்சமிருக்கிற வேல இது ஒண்ணுதான்க்கா, அதையும் மெஷினுக்குக் குடுக்கவா?"ன்னான். ஒயரு அவ கால தட்டிடும்னு லைட்டு, மோட்டாரு எல்லாத்தையும் ஒரே போர்டுல கொண்டாந்து, ஹால்ல புதுசா வச்ச பெரிய பிளக் பாயிண்டுல மாட்டினான். கரண்டு போனாலும் அந்தப் பாயிண்டுக்குப் பேட்டரியிலேந்து வரும். எல்லாத்துக்கும் யோசிச்சு வச்சிருந்தான் பாவி.

கடைசியில தேவி அவன்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. "நான் போனாலும் இதுங்களுக்குக் கரண்டு நிக்கக்கூடாது." இவன் அவ தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணினான்.

ஒரு நாள் காலையில லைட்டப் போட்டா. சாயங்காலம் அணைக்க அவ இல்ல.

பிரான்சுல இருக்கிற அவ தம்பி வந்து சேரணும், அதனால ஒரு நாள் வச்சிருந்து எடுக்கிறதுன்னு முடிவாச்சு. ஐஸ் பெட்டி வந்துச்சு. காரியத்தப் பூரா தூக்கிச் சுமந்தவரு தேவியோட பெரியப்பா இருசப்பன்தான். சாவு வீட்ல கண்ணாடி மூஞ்சி காட்டக்கூடாதுன்னு டிவி, பீரோக் கண்ணாடி, தொட்டி எல்லாத்தையும் வெள்ள வேட்டியால மூடினாரு. ஆனந்தராஜு பெட்டித் தலமாட்டுல உக்காந்தவன் எழுந்திருக்கல, தண்ணி கூடக் குடிக்கல.

மறுநாள் எடுத்துட்டுப் போனாங்க. பொம்பளைங்க நாங்க சுடுகாட்டுக்குப் போறதில்லையே, வீட்டக் கழுவிவிட்டோம். பெட்டிக்காரன் வந்து பெட்டிய எடுத்துட்டுப் போனான். குளிச்ச ஈரத்தோட ஆனந்தராஜு உள்ள வந்தவன் அப்பிடியே நின்னுட்டான்.

"சத்தம் எங்கக்கா?"

போயி வேட்டிய இழுத்தான். ஐயோ, அந்தக் கண்றாவிய என்னன்னு சொல்வேன்! தண்ணி கழனித் தண்ணியாட்டம் கலங்கி, மீனெல்லாம் மேல மல்லாந்து, பவளம் கொழகொழன்னு கரைஞ்சு கெடந்துச்சு. கப்புன்னு நாத்தம். மாலையும் ஊதுவத்தியும் அதுவரைக்கும் மறைச்சிருந்துச்சு. போர்டோட பிளக்கு தரையில கெடந்துச்சு.

"பெட்டிக்காரன் பெரிய பிளக்கு வேணும்னான்"ன்னாரு இருசப்பன். "இது ஒண்ணுதான் இருந்துச்சு. லைட்டுக்குத்தான்னு நெனச்சேம்பா. சாவு வீட்ல நீல லைட்டு எதுக்குன்னு..."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "பொறந்ததுலேந்து கடல்ல கெடக்கிறியே பெரியவரே, தண்ணி ஓடாம நின்னா மீனு சாவும்னு ஒனக்குமா தெரியாது?"

"விடுக்கா"ன்னான் ஆனந்தராஜு. "நேத்துலேந்து அந்தப் பெட்டிச் சத்தத்தத்தான் கேட்டுகிட்டு இருந்தேன். மோட்டாரு ஓடுது, அவளுக்குக் குடுத்த வாக்கையாவது காப்பாத்திட்டோம்னு நெனச்சேன்." இருசப்பனக் கை காட்டினான். "அவரு அவளுக்குத்தான கரண்டு குடுத்தாரு."

குனிஞ்சு பிளக்க எடுத்துச் சொருவினான். மோட்டாரு உம்முன்னுச்சு. செத்த மீனெல்லாம் சுத்த ஆரம்பிச்சுது. கட்டிலோரத்துச் சுவிட்சு தேவி கடைசியாப் போட்டபடியே இருந்துச்சு, அதனால லைட்டும் எரிஞ்சுது, அவ கேட்ட அதே மத்தியான நீலத்துல. சாயங்காலமாச்சு, ராத்திரியாச்சு. அத அணைக்க அவனும் போகல, எங்களுக்கும் கை வரல.